நான்காம் நாற்காலிக்குப் பின்னால்

சனிக்கிழமை மதியம் பிரவீனா நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டிவிட்டாள். கோடரிக்குப் பதில் அவள் கையில் இருந்தது கணினியின் சுட்டி.

அவள் வேலை பார்த்தது தம்போயில், வரிசையாகக் கார் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கும் தெருவில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இயங்கிய சின்ன நிறுவனத்தில். கிளினிக், பள்ளி, சிறிய பேக்டரி என்று சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களின் கணினி இணைப்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே தொழில். ஒவ்வோர் இடத்திலும் ஃபயர்வால் என்று ஒரு காவல் பெட்டி இருக்கும். இணையத்திலிருந்து உள்ளே வருவதும் உள்ளேயிருந்து வெளியே போவதும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்ற விதிகள் அதற்குள் வரிசையாக எழுதியிருக்கும். பெட்டி மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வரும். முதலில் எந்த விதி பொருந்துகிறதோ அதுதான் அதற்குச் சட்டம். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் ஏறெடுத்தும் பார்க்காது.

கூலாயில் ஓர் அறநிறுவனம் நடத்தும் டயாலிசிஸ் நிலையம் இருந்தது. அங்கிருந்த பெட்டியின் கதவை வெளியிலிருந்து யாரோ சில நாட்களாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தொல்லையை நிறுத்தத்தான் பிரவீனா புதிய விதி ஒன்றை எழுதினாள். ‘எல்லாரையும் தடு’ என்ற அந்த விதி வரிசையின் அடியில், கடைசிக் காவலாக, நிற்கவேண்டியது. அவள் அதை உச்சியில் ஏற்றிவிட்டாள். சேமிப்பதற்கான பொத்தானை அழுத்திய மறுகணம் திரை அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் நின்றது. பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பெட்டி சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. எல்லாரையும் தடுத்துவிட்டது, அவளையும் சேர்த்து.

பிள்ளைகளுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டு வேலை தேடி அலைந்தவள் அவள். போன இடமெல்லாம் “இத்தன வருஷம் என்னம்மா செஞ்சீங்க?” என்றுதான் கேட்டார்கள். கணவன் தினமும் விடிவதற்குள் எழுந்து சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டிப் போய் வருகிறவன். “உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?” என்று அவனும் அன்போடுதான் கேட்டான். இந்த நிறுவனத்தை நடத்தும் தயானந்தன் ஒருவர்தான் வேறு கேள்வி கேட்டார்: “இனிமேல் படிக்க உங்களுக்கு விருப்பம் இருக்கோ?” இருக்கிறது என்றாள். மறுநாளே வரச்சொல்லிவிட்டார். அவர் வைத்த அந்த நம்பிக்கைக்கு இப்போது ஆபத்து வந்துவிட்டது.

எழுந்து அவர் மேசைக்குப் போனாள்.

“பாஸ், கூலாய் பெட்டிய நான் பூட்டிட்டேன். ரூல தப்பான எடத்துல வச்சிட்டேன். உள்ள போக முடியல. அங்க உள்ளவங்களுக்கும் லைன் போயிருக்கும்.”

தயானந்தன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அறுபதைத் தொட்ட மனிதர். அவருக்குக் கோபம் வருமா வராதா என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது.

“மெஷின்கள் ஓடுதுதானே?”

“அதுக்கும் லைனுக்கும் சம்பந்தம் இல்ல பாஸ். நோயாளிங்களுக்கு ஒன்னும் ஆகாது. ஆனா ரெக்கார்டு, வைஃபை எல்லாம் போச்சு.”

“அப்ப பதற வேண்டாம். நேரில போய்க் கன்சோல் வழியாத்தான் திறக்கணும். நீலக் கேபிள் அந்த அலமாரியில கிடக்கு, எடுங்கோ. நான் நிலையத்துக்குப் போன் பண்ணி ஆள் வருதுன்னு சொல்றேன்.” கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, “மழை வரும்போல கிடக்கு. ஹைவேயில மெல்லமாப் போங்கோ,” என்றார்.

அவ்வளவுதான். கேபிளை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திட்டு வாங்கியிருந்தால்கூட மனம் இவ்வளவு கனத்திருக்காது.

கன்சோல் என்பது அந்தப் பெட்டியின் உடம்பிலேயே இருக்கும் ஒரு சின்னத் துளை. இணையம் வழியே போகும் பாதை அத்தனையும் அடைபட்டாலும் அது மட்டும் அடைபடாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தூரத்தில் இருந்துகொண்டு அதைத் தொடமுடியாது. ஆள் நேரே போய், பெட்டியின் பக்கத்தில் நின்று, கையால் கேபிளைச் செருகவேண்டும். வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வருவதுபோல் வரவேண்டும்.

ஸ்கூடாய் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. லோரிகள் தெறிக்கவிட்ட நீரில் முன்கண்ணாடி வெள்ளையாகிப் போனது. செனாய்க்குப் பக்கத்தில் வண்டிகள் ஊர்ந்தன. பிரவீனா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, செய்யவேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கேபிளைச் செருகு. வேகத்தைச் சரிபார். உள்ளே நுழை. அந்த விதியை அழி. சேமி. பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நிலையம் ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் மருந்து நெடியும் குளிரும் முகத்தில் அடித்தன. இரண்டு வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஆளுயர இயந்திரம். குழாய்களில் ரத்தம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைமைத் தாதி புஷ்பவள்ளி ஓடி வந்தாள். அங்கே எல்லாரும் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

“நீங்கதானா கம்ப்யூட்டர் ஆளு? அப்பாடா, வந்திட்டீங்க! இன்னிக்குன்னு பாத்தா இந்த லைன் போவணும்?”

“ரெக்கார்டு எதுவும் நின்னு போச்சா மிஸ்ஸி?”

“ரெக்கார்டு கெடக்குது, நான் கையால எழுதிக்குவேன். அங்க பாருங்க.” சுவரில் மாட்டியிருந்த பெரிய தொலைக்காட்சியைக் காட்டினாள். அதில் ‘இணைப்பு இல்லை’ என்ற வாசகம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியின் ஓரத்தில் ‘தஹ்னியா’ என்று வாழ்த்து அச்சடித்த ஒரு வெள்ளிநிற பலூன் கட்டியிருந்தது. “நம்ம கனகராஜ் அண்ணன் மகளுக்கு இன்னிக்கு கடலுக்கு அந்தப் பக்கம் சபாவுல கொன்வோ, பட்டம் குடுக்குறாங்க. யூனிவர்சிட்டியில ரெண்டரைக்கே லைவ் போடுறாங்க, மூனு மணிக்குப் பேரு கூப்பிடுவாங்க. அண்ணனால ப்ளைட்டு ஏறிப் போக முடியுமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்க வரணுமே. அண்ணி மட்டும் போயிருக்காங்க. அண்ணன் இங்கேர்ந்தே பாக்கட்டும்னு நாங்க எல்லாம் சேந்து ஏற்பாடு பண்ணோம். மக்சிக் ஜமிலாகூட கரிபாப் செஞ்சு கொண்டு வந்திருக்காங்க.”

இரண்டாம் நாற்காலியில், பக்கத்தில் பலகார டப்பாவோடு இருந்த மலாய்க்கார அம்மாள் கை அசைத்தார். சனிக்கிழமை முகப்பில் ஆள் குறைவு, யாருக்கும் இடைஞ்சல் இருக்காது என்று எண்ணித்தான் பிரவீனா இந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“போன்ல பாக்க முடியாதா மிஸ்ஸி?”

“இந்தக் கட்டடத்துக்குள்ள போன்ல ஒரு கோடுகூட வராது. வெளிய ரோட்டுக்குப் போனாத்தான். ஊசியோட அண்ணன ரோட்டுக்குத் தூக்கிட்டா போக முடியும்?”

“சரி, பெட்டி எங்க இருக்கு?”

புஷ்பவள்ளி நான்காம் நாற்காலியைக் காட்டினாள். பெட்டி இருந்த இரும்பு அலமாரி அந்த நாற்காலிக்குப் பின்னால், சுவரில், தலை உயரத்தில் அறைந்திருந்தது. நாற்காலியில் ஐம்பது வயதைத் தாண்டிய, அகன்ற தோள்களுடைய ஒருவர் சாய்ந்திருந்தார். இடக்கையில் இரண்டு ஊசிகள், அவற்றிலிருந்து இரண்டு குழாய்கள். அவர்தான் கனகராஜ்.

“நாற்காலிய நகத்த முடியுமா?”

“நாலு மணி வரைக்கும் முடியாது. நீங்கதான் எப்படியாச்சும் உள்ள பூந்துக்கணும்.”

நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கும் அளவுதான் இடம். கேபிளோ கைநீளத்துக்குச் சற்றே கூட. மடிக்கணினியை வைப்பதற்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கனகராஜின் நெஞ்சுக்கு முன்னால் இருந்த சாப்பாட்டு மேசை.

“அண்ணே, மன்னிச்சிக்குங்க. பின்னால உள்ள பெட்டியத் தொறக்கணும். கேபிள் கட்டையா இருக்கு. கம்ப்யூட்டர உங்க மேசையிலதான் வைக்கணும்போல.”

“வைங்க தங்கச்சி. சும்மாதானே கெடக்கு மேசை.” குரல் கனமாக, சாவதானமாக வந்தது. “எனக்கு ரைட்டு கை ஃப்ரீ. என்னா புடிக்கணும் சொல்லுங்க, புடிக்கிறேன்.”

அவள் தன் கைப்பேசியில் விளக்கைப் போட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே வலக்கையைத் தலைக்குமேல் தூக்கி வெளிச்சத்தைப் பின்பக்கம் காட்டினார். “இன்னும் மேலயா? சரியா?” என்று கேட்டுக் கேட்டுக் கையைத் திருப்பினார்.

அலமாரிக்குள் ஒரே வயர்க் காடு. பெட்டியின் முகத்தில் ஒரே மாதிரி சதுரத் துளைகள் வரிசையாக இருந்தன. பிரவீனா கேபிளின் ஒரு முனையைச் செருகினாள். மறுமுனையை மடிக்கணினியில் செருகிவிட்டு, நாற்காலிக்கு முன்னால் வந்து பார்த்தாள். கறுப்புத் திரை. விசையைத் தட்டினாள். கறுப்பு. மறுபடி தட்டினாள். அசைவே இல்லை.

மறுபடி பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். தூசியைத் துடைத்ததும்தான், ஓரத்தில் தனியாக இருந்த துளைக்கு மேல் எறும்பு எழுத்தில் ‘கன்சோல்’ என்று இருந்தது தெரிந்தது. அவள் செருகியிருந்தது பக்கத்துத் துளையில். இரண்டுக்கும் வடிவம் ஒன்றேதான். பிடுங்கி மாற்றிச் செருகினாள். ‘கிளிக்’ என்று பிடித்தது.

இம்முறை திரையில் எழுத்துகள் கொட்டின. கட்டமும் கேள்விக்குறியும் கோடுமாக, ஒன்றும் படிக்க முடியாத எழுத்துகள்.

“அலமாக்!” என்று வியந்தார் கனகராஜ், தன் மூக்குக்கு நேரே இருந்த திரையைப் பார்த்து. “இது என்னா பாஷை?”

“வேகம் ஒத்து வரல அண்ணே. அது ஒரு வேகத்துல பேசுது, இந்தக் கம்ப்யூட்டர் இன்னொரு வேகத்துல கேக்குது. அதான் இப்படித் தெரியுது.” அவள் அமைப்பைத் திறந்து வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறுக்கு இறக்கினாள். மறுபடி விசையைத் தட்டினாள். குப்பையெல்லாம் நின்று, சுத்தமான ஒரு வரி வந்தது. பெயரைக் கேட்டது.

“ஆ, இப்ப மனுசப் பாஷை,” என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்போயில் இருந்து கிளம்பியபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பெயரை அடித்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, இருட்டில் எழுதுவது மாதிரி. ‘தவறு’ என்றது. சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாக இன்னும் சில நிமிடங்கள்தான். வேகவேகமாக அடித்தாள். ‘தவறு.’ விரல் நடுங்க மூன்றாம் முறை அடித்தாள். ‘முயற்சிகள் அதிகமாகிவிட்டன. ஐந்து நிமிடம் கழித்து வரவும்’ என்று பெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிரவீனா அங்கேயே நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னாச்சு தங்கச்சி?”

“பாஸ்வேர்டு தப்பா அடிச்சிட்டேன் அண்ணே. அஞ்சு நிமிஷம் வெய்ட் பண்ணச் சொல்லுது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. “அண்ணே, லைன் தானாப் போகல. நான்தான் ஆபீஸ்லேர்ந்து ஒரு வேல செஞ்சேன். அதுல நான்தான் தப்புப் பண்ணி கட் பண்ணிட்டேன். இன்னிக்கு உங்க மக விஷயம் எனக்குத் தெரியாது.”

இயந்திரம் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கனகராஜ் வலக்கையில் இன்னும் எரிந்துகொண்டிருந்த கைப்பேசி விளக்கை அணைத்து மேசையில் வைத்தார்.

“அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தாள்.

“இங்க புதுசா மிஸ்ஸிங்க வருவாங்க. மொத தடவ எனக்கு ஊசி குத்த வரும்போது கை நடுங்கும். இந்தா பெரிய ஊசி, பாருங்க. நடுங்குன கையால குத்துனா யாருக்கு வலி? எனக்குத்தான். அதனால நான் என்னா சொல்வேன் தெரியுமா? மூச்ச இழுத்து விடுங்கமா, நான் எங்கயும் ஓடிற மாட்டேன், அப்படின்னுவேன். ஓடவும் முடியாதுலா, பாத்தீங்கல்ல.” இடக்கைக் குழாய்களைக் கண்ணால் காட்டினார். “நீங்களும் மூச்சு விடுங்க. மழையில வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. வராம இருந்திருந்தா நான் யாரக் கேக்கப் போறேன்?”

அவள் முந்தைய பத்து வருடங்களில் எத்தனையோ ஆறுதல் கேட்டிருக்கிறாள். ‘பரவாயில்ல விடு’ என்பார்கள், ‘உனக்கு இது தேவையா’ என்பார்கள். தன் தவற்றால் நஷ்டப்பட்டவர், அந்த நஷ்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. மூச்சை இழுத்து விட்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

“மக என்னா படிச்சிருக்கு அண்ணே?”

“கடல்,” என்றார். அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்து ருசித்தவர் மாதிரி சொன்னார். “மெரின் சயன்ஸ். மீனு, பவளம், தண்ணி எல்லாம் ஆராய்ச்சி. நான் எண்ண லோரி ஓட்டுனவன். கூலாய்லேர்ந்து பாசிர் கூடாங் துறைமுகம் வரைக்கும் செம்பனை எண்ண கொண்டு போவேன். லீவுல தேன்மொழிய முன் சீட்டுல உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போவேன். துறைமுகக் கேட்டுக்கிட்ட வண்டி நிக்கும்போது கப்பலப் பாக்காது. தண்ணியத்தான் பாக்கும். அப்பா அடியில என்னா இருக்கு, அடியில என்னா இருக்குன்னு நச்சரிக்கும். எனக்கு என்னா தெரியும்? நீயே படிச்சிப் பாத்துட்டு வந்து சொல்லுன்னேன். படிச்சிருச்சு.”

சுவர்க்கடிகாரம் மூன்றைக் கடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

நேரம் வந்ததும் பிரவீனா விசைப்பலகையின்மேல் விரல்களை வைத்தாள். அவசரப்படவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, ஊசி குத்துபவள் நரம்பு பார்ப்பதுபோல் நிதானமாக அடித்தாள். திரை ஒரு நொடி யோசித்தது. உள்ளே விட்டது.

விதிகளின் வரிசையைக் கேட்டாள். வந்தது. உச்சியில் அவள் எழுதிய விதி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அழித்தாள். வரிசையை மறுபடி வரவழைத்து, மேலிருந்து கீழாக, பெட்டி படிப்பதுபோலவே படித்தாள். அந்த விதியை அடியில், அதற்குரிய இடத்தில், புதிதாக எழுதினாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகுதான் சேமித்தாள்.

முதலில் சத்தம் போட்டது கனகராஜின் கைப்பேசி. ‘டிங்’ என்றது. உடனே இன்னொன்று. அப்புறம் ஓயாமல் அடித்தது. மதியத்திலிருந்து தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. அறை முழுக்க மற்றவர்களின் கைப்பேசிகளும் சேர்ந்துகொண்டன.

“வந்துருச்சு! மிஸ்ஸி, வந்துருச்சு!” என்று யாரோ கத்தினார்கள். புஷ்பவள்ளி ரிமோட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சியிடம் ஓடினாள். பெரிய மண்டபம் திரையில் விரிந்தது. கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறிக்கொண்டிருந்தார்கள்.

கனகராஜ் திரையைப் பார்க்கவில்லை. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பிரவீனாவின் பக்கம் திருப்பினார். மனைவியிடமிருந்து வந்த செய்தி: ‘பாத்தீங்களாங்க? நம்ம புள்ள! பாத்தீங்களா?’

அதற்குக் கீழே அழும் முகம் ஒன்று, சிரிக்கும் முகம் ஒன்று.

“முடிஞ்சு போயிருச்சு போல,” என்றார் அவர். அறையில் இருந்த சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. மக்சிக் ஜமிலா என்னவென்று மலாயில் கேட்க, பக்கத்தில் இருந்த தாதி தாழ்ந்த குரலில் சொன்னாள். பலூன் மட்டும் குளிர்சாதனக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பிரவீனா திரையைப் பார்த்தபடி நின்றாள். அதன் மூலையில் ‘நேரலை’ என்று ஒரு சிவப்புப் புள்ளி. அடியில் ஒரு கோடு.

“மிஸ்ஸி, அந்த ரிமோட்டக் குடுங்க!”

வாங்கி, கீழே இருந்த கோட்டைத் தேடிப் பிடித்தாள். நேரலைதான், ஆனால் ஓடியது எங்கும் போய்விடவில்லை. அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் இருந்தது. பின்னால் தள்ளினாள். மேடையேறியவர்கள் பின்புறமாக நடந்து இறங்கினார்கள். இன்னும் தள்ளினாள். ஊர்வலம் வந்தது, கோல் ஏந்தியவர் வந்தார். அங்கிருந்து முன்னால் விட்டாள்.

“அண்ணே, இது முன்னாடி நடந்தது. இன்னும் அவங்க வரல. பாருங்க.”

எல்லாரும் திரையையே பார்த்தார்கள். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் ஒரு நீண்ட சடை, மஞ்சள் சேலையின் ஓரம் அங்கிக்குக் கீழே எட்டிப் பார்க்க, மெலிந்த ஒரு பெண் படியேறினாள். பெயர் வாசிப்பவர் மலாய் உச்சரிப்பில் நிறுத்தி நிதானமாக வாசித்தார்:

“தேன்மொழி, அனாக் பெரம்புவான் கனகராஜ்.”

கனகராஜின் மகள் தேன்மொழி. மகளின் பெயரோடு தன் பெயரும் அந்த மண்டபத்தில் ஒலிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை போலும். வலக்கையால் மேசையை ஓங்கி அடித்தார். மடிக்கணினி ஒரு துள்ளுத் துள்ளியது. பக்கத்தில் இயந்திரம் ‘பீப் பீப்’ என்று அலறியது.

“அண்ணே! கைய ஆட்டாதீங்க அண்ணே!” என்று புஷ்பவள்ளி ஓடி வந்து குழாயைச் சரிசெய்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் தட்ட முடியாதவர்கள் தொடையில் தட்டினார்கள். மக்சிக் ஜமிலா, “சாந்திக்ஞா அனாக் அவாக்!” என்று கூவினார், உன் மகள் எவ்வளவு அழகு என்று. “இன்னொருக்கா போடுங்க,” என்று ஒரு குரல் கேட்டது. பிரவீனா மறுபடி போட்டாள். அப்புறமும் போட்டாள். சபாவில் விழா எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. கூலாயில் மட்டும் தேன்மொழி திரும்பத் திரும்பப் படியேறிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் தேன்மொழியே அழைத்தாள். கைப்பேசித் திரையில் அங்கியும் தொப்பியுமாக அந்த முகம்.

“அப்பா, பாத்தீங்களா?”

“பாத்தேன்மா. எல்லாரும் பாத்தோம். என் பேரயும் சொன்னாங்கல்ல?”

“ஆமாப்பா! உங்களுக்கு மெசேஜே போகலன்னு அம்மா அழுதுட்டாங்க. எப்படிப்பா சரியாச்சு?”

கனகராஜ் கைப்பேசியைத் திருப்பிப் பிரவீனாவைக் காட்டினார். “இந்த அக்காதான். மழையோட மழையா தம்போய்லேர்ந்து வந்து சரிபண்ணிக் குடுத்தாங்க.”

“ரொம்ப நன்றிக்கா!” என்றது அந்த முகம்.

பிரவீனா தலையசைத்தாள். கதையின் மறுபாதியை அவர் சொல்லாமல் விட்டதை நன்றாகவே கவனித்தாள்.

ஆனால் புஷ்பவள்ளியிடம் அவளே சொன்னாள். பெட்டியைப் பூட்டி, கேபிளைச் சுருட்டிக்கொண்டு முகப்புக்கு வந்தபோது, நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். புஷ்பவள்ளி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

“சரிலா. முன்னாடி வேற கம்பெனி ஒன்னு பாத்துச்சு. லைன் போனா போன எடுக்க மாட்டாங்க. எடுத்தா உங்க மேலதான் தப்புன்னுவாங்க. நீங்க ஓடி வந்தீங்க, சொல்லவும் செஞ்சிட்டீங்க. அடுத்த தடவ கை வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க, அது போதும்.” இரண்டு கரிபாப்பை ஒரு காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்தாள். “சாப்பிட்டிருக்க மாட்டீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

மழை விட்டிருந்தது. காருக்குள் உட்கார்ந்து ஒரு கரிபாப்பைத் தின்றபடியே தயானந்தனை அழைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “கடல் படிப்போ? நல்லது, நல்லது,” என்று தானே அந்தப் பெண்ணுக்கு உறவு மாதிரி மகிழ்ந்தார். பிறகு, “திங்கட்கிழமை மூவார்ல அந்த நாற்காலி மேசை செய்யிற பேக்டரிக்குப் புதுப் பெட்டி மாட்டணும். நீங்கள் போங்கோ,” என்றார்.

“நானா பாஸ்?”

“வேற யார்? ரூலை எங்க வைக்கிறதெண்டு இனி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே.”

போனை வைத்துவிட்டு வண்டியை முடுக்கினாள். உடனே நிறுத்தினாள். இறங்கி மறுபடி உள்ளே போனாள்.

கனகராஜுக்கு அப்போதுதான் ஊசிகளை எடுத்திருந்தார்கள். ஊசி இருந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். களைத்திருந்தார்.

“என்னா தங்கச்சி, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?”

“இல்ல அண்ணே. உங்களுக்கு நன்றி சொல்லாமப் போயிட்டேன்.”

“அட! நான்ல சொல்லணும்?”

“நான்தான் சொல்லணும். அந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க ஒரு வார்த்த சத்தம் போட்டிருந்தா எனக்குக் கையே ஓடியிருக்காது.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மறுக்கவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. பக்கத்தில் காலியாகியிருந்த நாற்காலியை முகவாயால் காட்டினார்.

“ரத்தம் நிக்க இன்னும் நேரம் இருக்கு. வேன் வர்றதுக்கும் நேரம் இருக்கு. அவசரமா?”

“இல்ல அண்ணே.”

“அப்ப உக்காருங்க. என் போன எடுங்க. அதுல படம் இருக்கு பாருங்க, மக கடலுக்கு அடியில போய் எடுத்தது. ஒவ்வொன்னுக்கும் ஒரு பேரு அனுப்பியிருக்கு. எனக்கு வாயில நுழையல, நீங்க படிச்சிக் காட்டுங்க.”

பிரவீனா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் படத்தில் நீலத் தண்ணீருக்குள் ஒரு மீன், உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளிகள். பெயரைப் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.